'ஸ்ட்ரேஞ்ச்' என்னும் சொல்லும் தமிழின் அயன்மைச் சொற்களும்: வடகரப்பதி எல்லைநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு மொழியில் வியப்புக்கும் அச்சத்திற்கும் உறவின்மைக்கும் வழங்கும் சொற்கள், அம்மொழி பேசுவோர் தம் எல்லையை எங்கு வரைந்துகொண்டனர் என்பதைக் காட்டவல்லன. 'ஸ்ட்ரேஞ்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலம் - தமிழ் அகராதிகள் விசித்திரமான, விநோதமான, புதுமையான, அந்நியமான, முன்பின் அறியாத எனப் பல பொருள்களைத் தருகின்றன. ஒரு சொல்லுக்கு இத்தனை நிகர்கள் வேண்டப்படுவது ஏன் என்னும் வினா மொழிபெயர்ப்புச் சிக்கல் அளவில் நின்றுவிடுவதன்று. எவரை அயலார் என்று அழைப்பது, அவ்வழைப்பு எப்போது தோன்றுகிறது என்னும் சமூக வரலாற்று வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவைத் தமிழ் இலக்கண இலக்கியச் சான்றுகளின் வழியும், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கெல்லையில் உள்ள வடகரப்பதி, இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ் வழங்கும் பகுதிகளின் வரலாற்று வழியும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

'ஸ்ட்ரேஞ்ச்' என்பது பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்த சொல். அதன் மூலம் 'எக்ஸ்ட்ரானேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். வெளியே, புறத்தே என்னும் பொருள் தரும் 'எக்ஸ்ட்ரா' என்பதன் அடியாகப் பிறந்தது அது. எனவே தொடக்கத்தில் இச்சொல் இடத்தையே குறித்தது. ஊர்க்கு வெளியிலிருந்து வந்தவன் என்பது அதன் முதற்பொருள். வெளியிலிருந்து வந்தவன் அறியப்படாதவன், அறியப்படாதது வியப்புக்குரியது, வியப்புக்குரியது இயல்புக்கு மாறானது என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கையாள்வோர்க்கு இடப்பொருள் பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. இடத்தைச் சுட்டிய சொல் பண்பைச் சுட்டுவதாகிவிட்டது. தமிழில் புறம் என்பதன் அடியாகப் பிறந்த 'புறத்தியார்' என்னும் சொல் இலத்தீன் மூலத்தோடு அமைப்பில் முற்றும் ஒப்பது. ஆயினும் அது இன்றளவும் ஆளையே குறித்து நிற்கிறது. 'இயல்புக்கு மாறானவர்' என்னும் பொருளுக்கு நகரவில்லை.

அதே பொருட்களத்தில் வழங்கும் 'வியர்டு' என்னும் சொல்லின் வரலாறு வேறு வகைப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் 'விர்டு' என்பது ஊழைக் குறித்த பெயர்ச்சொல். சேக்சுபியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் சூனியக்காரியர் மூவரும் ஊழை அறிவிப்போர் என்னும் கருத்திலேயே அவ்வடைமொழியைப் பெற்றனர். அந்நாடகத்தின் செல்வாக்கால் அச்சொல் நிலைபெற்று, 19ஆம் நூற்றாண்டில் விந்தையான, இயல்புக்கு மாறான என்னும் பொருளை அடைந்தது. தமிழில் ஊழ் என்னும் சொல் இதற்கு நேரெதிரான திசையில் நிற்பது கருதத்தக்கது. ஊழ் முறைமை என்றும் முதிர்வு என்றும் பொருள்படும். ஊழைத் தமிழ் மரபு உலக ஒழுங்கின் பெயராகக் கொண்டதேயன்றி ஒழுங்கின் பிறழ்வாகக் கொள்ளவில்லை.

ஆஸ்திரிய உளவியலறிஞர் சிக்மண்ட் பிராய்டு 1919இல் எழுதிய கட்டுரையொன்றில், வீட்டுக்குரியது, பழக்கமானது எனப் பொருள்படும் 'ஹைம்லிஷ்' என்னும் செர்மன் சொல், மறைவானது என்னும் பொருளையும் ஏற்று, முடிவில் தன் எதிர்ச்சொல்லாகிய 'உன்ஹைம்லிஷ்' என்பதோடு பொருளால் ஒன்றிவிடுவதை எடுத்துக்காட்டினார். அணுக்கத்தைக் குறிக்கும் சொல்லே அச்சந்தரும் அயன்மையையும் குறிப்பதாகும் இந்நிலைக்கு நிகரான தமிழ்ச்சான்று 'அயல்' என்னும் சொல்லாகும். அது பின்னர் விரிவாக நோக்கப்படும்.

இலக்கண மரபில் புதுமையும் அச்சமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைக்கிறது. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழிப் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. அச்சம் தனி மெய்ப்பாடு. அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றால் தோன்றும். இவ்விரு பட்டியல்களையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. முன்பு காணாதது வியப்பின் பாற்பட்டது, அச்சத்தின் பாற்பட்டதன்று. அச்சத்துக்குரியோர் வரிசையில் கள்வர் இடம்பெறுகின்றனர், அயலார் இடம்பெறவில்லை. ஆங்கிலச் சொல் ஒன்றாகக் கலந்து வைத்துள்ள வியப்பையும் அச்சத்தையும் தமிழ்ப் பொருளிலக்கணம் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துள்ளது எனலாம்.

செய்யுளியலில் கூறப்படும் எண்வகை வனப்புகளுள் ஒன்று விருந்து. புதிதாக அமையும் யாப்பைச் சுட்டுவது அது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். அப்பொருளின் அடியாகவே புதியராய் வந்தவரும், அவர்க்கு இடும் உணவும் அச்சொல்லால் வழங்கப்பட்டனர். திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில் தனி அதிகாரமாக வைத்தது. முன்பின் அறியாதவரைக் குறிக்கும் சொல்லும் ஓம்பத்தக்கவரைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ஒன்றாக இருத்தல் நினைவிற் கொள்ளத்தக்கது. மலையாளத்திலும் விருந்து என்னும் பொருளில் 'விருந்நு' என்பதும் விருந்தினரைக் குறித்து 'விருந்நுகாரன்' என்பதும் வழக்கில் உள்ளன.

சொல்லதிகாரம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்குவன திசைச்சொல். அந்நிலங்களைப் பட்டியலிடும் உரையாசிரியர்கள் குடநாடு, குட்டநாடு, மலைநாடு முதலியவற்றை அவற்றுள் அடக்குகின்றனர். இவை இன்றைய கேரளத்தின் பகுதிகளாகும். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், தமிழ் ஒழிந்த பிற நிலத்துச் சொற்களையும் திசைச்சொல்லின் எல்லைக்குள் கொண்டுவந்தது. அறியாத சொல்லை வழு என்று நீக்காமல், அது வழங்கும் நிலத்தின் பெயரைச் சொல்லி ஏற்பது இலக்கண மரபின் போக்காக இருந்தது.

உறவின்மையைச் சுட்டும் சொற்கள்

இலக்கிய வழக்கில் அயன்மை பெரும்பாலும் உறவின்மையாகவே பேசப்படுகிறது. ஏதிலார், நொதுமலர், பிறர், அயலார் ஆகியன அவ்வகைச் சொற்கள். அகப்பாடல்களில் தலைவியை மணம்பேச வரும் பிறர் நொதுமலர் எனப்படுகின்றனர். அவர்களிடம் விந்தைத்தன்மை எதுவும் இல்லை. தலைவியின் நெஞ்சோடு தொடர்பில்லை என்பது ஒன்றே அவர்தம் அயன்மை. குறிப்பறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவர், காதலர் பிறர்முன் ஒருவரையொருவர் ஏதிலார்போல் நோக்குவதைக் கூறுகிறார். அங்கு அயன்மை மிக நெருங்கியோர் மேற்கொள்ளும் நடிப்பாகிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலோ முன்பு எவ்வுறவும் இல்லாதிருந்த இருவரின் நிலையைச் சொல்லித் தொடங்கி, அவர்தம் நெஞ்சக் கலப்பில் முடிகிறது. ஏதிலராதலும் உறவினராதலும் மாறக்கூடிய நிலைகள் என்பதே இவ்விலக்கியங்கள் தரும் கருத்து.

நாட்டெல்லையைக் குறித்தும் சங்க இலக்கியம் தனிச்சொல் வழங்கியது. மாமூலனார் முதலியோர் பாடல்களில் வரும் 'மொழிபெயர் தேயம்' என்பது மொழி மாறும் நிலத்தைச் சுட்டும். அயல்நாட்டை அரசன் பெயராலோ சமயத்தாலோ குறிக்காமல், பேச்சு மாறும் இடம் என்று குறித்தது இத்தொடரின் சிறப்பு.

அயல் என்னும் சொல் பக்கம், அருகிடம் என்னும் பொருளும் பிறிது, புறம்பானது என்னும் பொருளும் உடையது. அயலார் என்போர் அடுத்த வீட்டாரும் ஆவர், தொடர்பற்றோரும் ஆவர். இவ்விரு பொருள்களும் இரு மொழிகளிலும் வெவ்வேறாக வளர்ந்துள்ளன. மலையாளத்தில் 'அயல்காரன்' என்றால் அண்டைவீட்டான். 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடிப்படை அலகு 'அயல்கூட்டம்' எனப்படுகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் கூட்டம் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டிலோ அயல்நாடு, அயல்மொழி, அயலுறவு எனத் தொலைவுப் பொருளே இக்காலத்தில் மேலோங்கியுள்ளது. சனவரி 12ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு 'அயலகத் தமிழர்' நாளாகக் கொண்டாடி வருவதும் இப்பொருளிலேயே ஆகும். ஒரே சொல் மலைத்தொடரின் மேற்கே அணுக்கத்தையும் கிழக்கே சேய்மையையும் பெரிதும் உணர்த்துகிறது.

வடமொழிவழி வந்த சொற்கள்

இன்றைய தமிழில் 'ஸ்ட்ரேஞ்ச்' என்பதற்கு முதலில் நினைவுக்கு வருவன விசித்திரம், விநோதம், அந்நியம் ஆகிய வடசொற்கள். இவற்றுள் விசித்திரம் பல வண்ணமுடையது என்னும் பொருளிலிருந்து விந்தைப் பொருளுக்கு வந்தது. விநோதம் முதலில் பொழுதுபோக்கையும் மகிழ்ச்சியையும் குறித்தது. சிலப்பதிகார உரையில் சாந்திக்கூத்துக்கு வேறாக வைத்துப் பேசப்படும் விநோதக்கூத்து மகிழ்விக்கும் கூத்தேயாகும். 1876இல் அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார் தம் உரைநடை நூலுக்கு 'விநோதரசமஞ்சரி' என்று பெயரிட்டபோதும் அப்பொருள் நிலவியது. இயல்புக்கு மாறானது என்னும் பொருள் இக்காலத்திலேயே மேலெழுந்தது.

அந்நியம் என்பது பிற என்னும் பொருளுடைய 'அன்ய' என்பதன் தமிழ் வடிவம். ஆல்பர் காம்யு 1942இல் வெளியிட்ட 'லெத்ராஞ்சே' என்னும் பிரெஞ்சு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல் இங்கிலாந்தில் 'தி அவுட்சைடர்' என்றும் அமெரிக்காவில் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்றும் வந்தது. பிரெஞ்சுச் சொல்லில் வெளியாள், அயல்நாட்டான், விந்தையானவன் ஆகிய பொருள்கள் ஒருங்கே நிற்றலால் ஆங்கிலம் இரு தலைப்புகளை நாடியது. வெ. ஸ்ரீராம் 1980இல் அதனைத் தமிழாக்கியபோது 'அந்நியன்' என்னும் சொல் பொருந்தியது. தமிழில் அச்சொல் புறத்தானையும் மனத்தால் விலகி நிற்பவனையும் ஒருசேரக் குறிக்கும் ஆற்றலை அதற்குள் பெற்றிருந்தது.

பரதேசியும் நானாதேசியும்

அயன்மைச் சொற்களின் மதிப்பு காலத்தால் உயர்வதும் தாழ்வதும் உண்டு. பரதேசி என்பது பிற தேயத்தான் என்னும் அளவிலான சொல். இடைக்கால வணிகக்குழுக் கல்வெட்டுகளில் சுதேசி, பரதேசி, நானாதேசி ஆகியன மதிப்புக்குரிய வணிகரைக் குறித்தன. மியான்மரின் பகான் நகரில் உள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கிருந்த 'நானாதேசி விண்ணகர்' என்னும் திருமால் கோயிலுக்கு ஒருவர் செய்த திருப்பணியைக் கூறுகிறது. அவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி. மகோதயர்பட்டினம் என்பது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். மலைமண்டலத்தார் ஒருவர், கடல்கடந்த நாட்டில், பல தேயத்தார்க்கும் உரிய கோயிலில் தம் கொடையைத் தமிழில் பொறித்துள்ளார். இன்றைய அரசியல் எல்லைகளைக் கொண்டு அவர் எவ்வினத்தார்க்கு அயலார் எனத் துணிதல் அரிது.

கொச்சியில் 1568இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் இன்றும் 'பரதேசி' என்னும் அடைமொழியோடு வழங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்க்குரியது என்பது அதன் கருத்து. இழிவுக் குறிப்பு அதில் இல்லை. தமிழிலோ பரதேசி என்பது துறவியையும் பின்னர் இரந்துண்பாரையும் குறித்து, முடிவில் வசைச்சொல்லாகவும் இழிந்தது. வணிகனின் பெயர் வறியவனின் பெயராக மாறிய இவ்வரலாறு, ஒரு சமூகம் வந்தவரை நோக்கும் பார்வை மாறிய வரலாறும் ஆகும்.

வடகரப்பதி: நகராத மக்களும் நகர்ந்த எல்லையும்

வந்தவரை அயலார் என்பது எங்கும் காணப்படுவது. வாராதவரும் அயலாராவது எல்லைநிலத்தின் தனித்தன்மை. வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தின் கிழக்கே கோயமுத்தூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்த ஊராட்சி. எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, வேலந்தாவளம் ஆகியன அச்சுற்றுவட்டத்து ஊர்கள். பதி ஊரையும் உறைவிடத்தையும் குறிக்கும். தாவளம் தங்குமிடத்தைக் குறிக்கும். பதி, பாறை, தாவளம் ஆகிய மூன்றும் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளுக்கும் உரிய சொற்கள். ஊர்ப்பெயர் அளவில் இந்நிலம் எம்மொழியார்க்கும் அயன்மையுடையதன்று.

அரசியல் வரலாறு இதனினும் சிக்கலானது. சிற்றூர் வட்டத்தின் பெரும்பகுதி கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. அவ்வரசின் ஏனைய பகுதியோடு நிலத்தொடர்பின்றி, ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார், கோயமுத்தூர் மாவட்டங்களால் அது சூழப்பட்டிருந்தது. அந்நாளில் மேற்கேயுள்ள பாலக்காடும் கிழக்கேயுள்ள கோயமுத்தூரும் ஒரே மாகாணத்தின. இடையில் இருந்த சிற்றூரார்க்கு இரு திசையும் ஒருபடித்தாக வேற்றரசின் நிலங்களே. 1949 சூலை 1இல் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலம் உருவானது. 1956 நவம்பர் 1இல் கேரளம் அமைந்தபோது மேற்கே இருந்த எல்லை மறைந்து, கிழக்கெல்லை மட்டும் மாநில எல்லையாக நின்றது. 1957 சனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் தோன்றியது. எட்டாண்டுக் காலத்திற்குள் எது தம் நாடு, எது அயல்நாடு என்பது மாறியது. தமிழ் பேசிய மக்கள் தம் பதிகளிலேயே இருந்தனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர் மாறியது. அவர்கள் மொழிச்சிறுபான்மையினர் ஆயினர்.

இம்மாற்றத்தை அரசமைப்புச் சட்டம் உணர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம், தாய்மொழியில் தொடக்கக்கல்வி அளிப்பதை வலியுறுத்தும் 350அ பிரிவையும், மொழிச்சிறுபான்மையினர்க்கெனத் தனி அலுவலரை அமர்த்தும் 350ஆ பிரிவையும் சேர்த்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக்கியதோடு, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே தொடர்புகொள்ள இடமளித்தது. சிற்றூர் அரசு கல்லூரியில் தமிழ்த்துறை இயங்கி வருகிறது. தற்கால மலையாளத்தின் தந்தையெனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்ததாக மரபு கூறும் குருமடமும் அதே சிற்றூரில்தான் உள்ளது. மொழிபெயர் தேயம் என்று பழம்புலவர் குறித்தது கோடாக அமையாமல் இத்தகைய கலப்பு நிலமாகவே அமைதல் இயல்பு.

இடுக்கி: வந்தவர் வரலாறு

தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றின் நிலை வடகரப்பதியினின்றும் வேறுபட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டத்தொழில் வளர்ந்தபோது தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருமளவில் மலையேறினர். தலைமுறைகள் கடந்து அவர்கள் அம்மண்ணின் மக்களாயினர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு இவ்விரு வட்டங்களையும் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. 1955இல் அறிக்கையளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதனை ஏற்கவில்லை. அவை கேரளத்தில் நின்று, 1972 சனவரி 26இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின.

2011 திசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கி மலைப்பகுதித் தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தனர். நெடுங்காலம் அயல்வீட்டாராக இருந்தோர் சில நாள்களில் அயல்மாநிலத்தாராக உணர நேர்ந்தது. அயல் என்னும் சொல்லின் இரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு குறுகியது என்பதற்கு இந்நிகழ்வு சான்று. இதற்கு மாறான சான்றும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், ஊக்கத்தொகையும் கூலி உயர்வும் கேட்டுப் போராடியபோது தம் அமைப்புக்குப் 'பெம்பிளை ஒருமை' என்று பெயரிட்டனர். பெண்பிள்ளை என்பதன் பேச்சு வடிவமும் ஒற்றுமை குறிக்கும் ஒருமையும் இணைந்த அப்பெயர் இரு மொழியார்க்கும் எளிதில் விளங்குவது. எல்லைநில மக்களின் பெயராக்கம் அயன்மையைக் கடக்கும் வழியை அது காட்டிற்று.

அன்ய, இதர, அதிதி

அயன்மைச் சொல்லை மாற்றுவதன் வழிப் பார்வையை மாற்ற முயன்ற அண்மைக்காலச் சான்று கேரளத்திலேயே உள்ளது. வடக்கு, கிழக்கு மாநிலங்களிலிருந்து வேலைக்கு வருவோர் முதலில் 'அன்ய சம்ஸ்தான' தொழிலாளர் எனப்பட்டனர். அன்ய என்பதன் விலக்கற்குறிப்பு உணரப்பட்டபோது, மற்றைய என்னும் பொருளுடைய 'இதர' என்பது வழங்கலாயிற்று. பின்னர் அரசு வழக்கில் 'அதிதி தொழிலாளி' என்பது இடம்பெற்றது. 2020இல் பெருந்தொற்றுக்கால ஊரடங்கின்போது அது பரவலாயிற்று. அதிதி என்பது விருந்தினர். அயலான் என்பதிலிருந்து விருந்தினன் என்பது வரை இச்சொல்மாற்றம் சென்றுள்ளது. எனினும் விருந்தினர் என்போர் திரும்பிச் செல்லவேண்டியவர் என்னும் குறிப்பும் அச்சொல்லில் தொக்கி நிற்கிறது. தலைமுறையாக வாழ்வோர்க்கு அச்சொல் பொருந்தாது. தமிழ்நாட்டில் 'வடமாநிலத்தவர்' என்னும் சொல் ஏற்றுவரும் குறிப்புகளையும் இவ்வாறே ஆராய இடமுண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இடத்தைச் சுட்டிய ஆங்கிலச் சொல் பண்பைச் சுட்டுவதாக மாறியபோது, வெளியில் இருப்பது இயல்புக்கு மாறானது என்னும் கருத்தும் அதனுள் படிந்தது என்பது பெறப்படும். தமிழ் மரபு புதுமையை மருட்கையிலும் விருந்திலும், உறவின்மையை ஏதிலாரிலும் நொதுமலரிலும், நிலமாற்றத்தைத் திசைச்சொல்லிலும் மொழிபெயர் தேயத்திலும் தனித்தனியே வைத்தது. இன்றைய வழக்கில் விசித்திரம், அந்நியம் ஆகிய சொற்கள் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளரும் அகராதியாளரும் இவ்வேறுபாட்டை மீட்டெடுத்தல் பயன்தரும்.

வடகரப்பதியின் வரலாறு, அயன்மை என்பது மனிதரிடத்தில் உள்ள பண்பன்று, கோடு வரையப்படும் இடத்தைப் பொறுத்தது என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவுகிறது. உரையாசிரியர்கள் அருகி வழங்கும் விதியைச் சிறுபான்மை என்று குறிப்பர். அருகி வழங்கினும் அது இலக்கணத்துள் அடங்கியதே. வழு எனத் தள்ளப்படுவதன்று. 1956க்குப் பின் அதே சொல் மக்கட்குழுவின் பெயராயிற்று. உரையாசிரியர் கொண்ட பொருளை அச்சொல்லுக்கு மீண்டும் அளிப்பதாயின், எல்லைநிலத்துத் தமிழர் கேரளத்தின் மொழிவாழ்வில் புறத்தியாராகாமல் அதன் முறைமைக்கு உட்பட்ட ஒரு வழக்காகவே கொள்ளப்படுவர். அவர்தம் பேச்சுவழக்கையும் ஊர்ப்பெயர்களையும் களத்தில் முறையாகத் தொகுத்தல் இருமாநிலத் தமிழ்த்துறைகளின் கூட்டுப்பணியாக அமையத்தக்கது.